அசல் படமும் நகல் பெண்ணும்

என் மகளின் முகத்தில் இருபத்தொரு பிழைகள் இருப்பதாக எனக்கு எழுத்துமூலமாகத் தெரிவிக்கப்பட்டபோது அவளுக்கு இருபத்தாறு வயது முடிந்திருந்தது. அதுவரை அந்த முகத்தை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நானோ மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவன். "இது தெளிவா, இதுவா? முதல்லயா, ரெண்டாவதா?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டே முப்பது வருடம் ஓட்டியவன். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில், சொந்தப் பெண்ணின் முகத்தில், ஒன்றில்லை இரண்டில்லை, இருபத்தொன்றைக் கோட்டை விட்டிருக்கிறேன் என்றால் என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ஆணையமும் அதைத்தான் நினைத்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். என் மகள் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவள். எட்டை எட்டாகவும் ஆறை ஆறாகவும் எழுதுவாள். அது எல்லோருக்கும் வராது. வீட்டில் அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர். ஓரிடத்தில் இருக்க மாட்டாள், சீண்டினால் கடிப்பாள். மாப்பிள்ளை குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். தன் பைக்குக்கு நம்பர் எழுத வந்தவர், பெயின்ட் காய்கிற வரை அங்கேயே நின்றிருக்கிறார். காய்ந்த பிறகும் நின்றிருக்கிறார். அப்படியே இரண்டு வருடம்.

அவரைத் தூரத்துத் துறைமுகம் ஒன்றுக்கு மாற்றினார்கள். மூன்று வருட வேலை, இருபதாம் தேதி கப்பல். அதற்குள் கல்யாணம் பதிவாகியிருந்தால் மனைவியும் கூடப் போகலாம், குடியிருக்க வீடும் உண்டு. இல்லையென்றால் அவர் அங்கே, இவள் இங்கே, நடுவில் விடுமுறை கிடையாது. பதினெட்டாம் தேதிக்குக் கல்யாணம் வைத்தோம். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மணமகள் உருவப்பட ஆணையத்தைப் பற்றி அதுவரை கேள்விப்பட்டிருந்தேனே தவிர உள்ளே போனதில்லை. கல்யாணத்துக்கு முன் மணப்பெண்ணை ஆணையமே படம் எடுக்கும். அதன் முத்திரை குத்திய படம் இல்லாமல் எந்தப் பதிவாளரும் பேனாவைத் திறக்க மாட்டார். முன்னொரு காலத்தில் யாரோ ஒரு மாப்பிள்ளை, "ஸ்டுடியோ படத்துல இருந்த பொண்ணு வேற, வந்து நிக்கிற பொண்ணு வேற" என்று வழக்குப் போட்டாராம். படமும் பெண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஆணையம் அமைக்கப்பட்டது. வாசலில் கல்லில் வெட்டியே வைத்திருக்கிறார்கள்.

"மாப்பிள்ளைக்குப் படம் வேண்டாமா சார்?" என்று விண்ணப்பம் வாங்கியவரிடம் கேட்டேன்.

"ஆம்பளைங்க எப்படி இருக்காங்களோ அப்படியே இருப்பாங்க. அதுல சரிபார்க்க என்ன இருக்கு?" என்றார் அவர். அவருக்குத் தூரப்பார்வை சரியில்லை என்பதை நான் அப்போதே கவனித்தேன். சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தபோது படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நானும் என் மனைவியும் மகளோடு போனோம். கூடத்தில் ஒரு சோபா, ஒரு பொய் ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு டியூப்லைட். அதற்கு விடியல் என்று பெயர். படம் எடுப்பவர் கழுத்தில் மூன்று கேமரா மாட்டியிருந்தார். ஒன்றில் மட்டும்தான் லென்ஸ் இருந்தது. என் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஓர் அட்டையை எடுத்து வாசித்தார்.

"மொத்தம் நாலு நிலை. எதிர்பார்ப்பு, நாணம், பெத்தவங்களைப் பிரியற துக்கம், தூரத்தைப் பார்க்கறது. துக்கம் ஒரு கண்ணுல மட்டும் இருக்கணும். கண்ணீர் பாதிக் கன்னத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா அழுகைன்னு எடுத்துக்குவாங்க."

"துக்கம் வரலைன்னா?" என்று கேட்டாள் என் மகள்.

"பாட்டில்ல இருக்கு."

மூலையில் கோட்டு மாட்டுகிற கம்பம் ஒன்று நின்றது. அதன் தலையில் 'மணமகன்' என்று எழுதிய காகிதம். அதைப் பார்த்துத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

"அங்க பாரும்மா. நம்பிக்கையோட பாரு."

பார்த்தாள். தோள் குலுங்கியது.

"என்ன சிரிப்பு?"

"இல்ல சார், இவரு எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு போல இருக்கு. அதான் சந்தோஷமா இருக்கு."

"சந்தோஷம் அட்டையில இல்லம்மா," என்றார் படம் எடுப்பவர். கோபமாகச் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிவப்புப் பெயின்ட் போகவில்லை என்று இரண்டு கைகளையும் காகிதப் பூங்கொத்துக்குள் மறைத்தார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. கம்பத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. என் மனைவி, "கல்யாணம் ஆனா இப்படித்தான், பழகிக்கோ," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எடுத்த படம் நேரே திருத்தப் பிரிவுக்குப் போயிற்று. ரசீது வாங்கப் போன சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தேன். நீள அறை. வரிசையாகப் பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர், ஒவ்வொருவர் முன்னாலும் முகத்தின் ஒரு துண்டு.

"சார் என்ன பார்க்கறீங்க?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன்.

"நான் இடது காது. பதினாலு வருஷமா இடது காதுதான். வலது காது அதோ அவரு. நாங்க பேசிக்கறதில்ல."

"ரெண்டும் ஒரே மாதிரி வர வேண்டாமா?"

"அதுக்குத்தான் சார் நாங்க இருக்கோம்," என்றார் பெருமையாக.

முழு முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். யோசித்தார். வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்றைக் காட்டினார்களாம், பயிற்சிக்காக.

பதினோராம் நாள் படம் வந்தது. இரண்டு பிரதி. ஒன்று எங்களுக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு. என் மனைவிதான் உறையைப் பிரித்தாள்.

"யாரு வீட்டுப் பொண்ணுங்க இது? லட்சணமா இருக்கா. உறை மாறி வந்துடுச்சு போல."

கடையிலிருந்து வந்த மகள் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "தோடு என்னோடதும்மா," என்றாள்.

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நிறம் இரண்டு படி ஏறியிருந்தது. மூக்கு இளைத்திருந்தது. தகரம் வெட்டும்போது தாடையில் பட்ட தழும்பைக் காணோம். அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் தனக்கு இவளைப் பிடித்துப் போனது என்று மாப்பிள்ளை என்னிடமே சொல்லியிருக்கிறார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கூடவே ஒரு குறிப்பு வந்திருந்தது. கல்யாணம் வரை இரண்டு வீட்டிலும் படத்தைக் கூடத்தில், கண் உயரத்தில் மாட்டி வைக்க வேண்டும். ஆய்வுக்கு வருவார்கள். மாட்டினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து மாட்டினேன், மடையன்.

அடுத்த வாரம் ஒப்புநோக்குப் பிரிவுக்குப் போனோம். இது வெறும் சம்பிரதாயம் என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கே இருந்த அம்மாள் படத்தை மேசையில் நிறுத்தி, என் மகளை அதன் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஸ்கேல் எடுத்தார். உதவிக்கு இருந்தவர் எழுத எழுத அம்மாள் சொல்லிக்கொண்டே போனார்.

"ஒண்ணு, தாடையில தழும்பு. படத்துல இல்ல. ரெண்டு, இடது காது அரை விரல் இறக்கம். மூணு, மூக்கு. மூக்கு முழுசாவே போட்டுக்க. நாலு, மேல் பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து."

இருபத்தொன்று வரை வந்து நின்றது. அம்மாள் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆள் மாறியிருக்கு. சரியான பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

"அம்மா, இவதான் என் பொண்ணு."

"இருக்கலாம். படத்துல இருக்கறது இவங்க இல்லையே."

"அந்தத் தழும்பு படம் எடுக்கும்போது இருந்துச்சும்மா. உங்க ஆளுங்கதான் எடுத்தாங்க."

"எங்க ஆளுங்க எடுத்தது எனக்குத் தெரியும். நீங்க ஏன் எடுக்கலை? படம் கைக்கு வந்து ஒரு வாரம் ஆச்சே."

நான் விரலை மடக்கி நாட்களை எண்ண ஆரம்பித்தேன். என் மனைவிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "பெத்தவ நான் சொல்றேன், இதுதான் என் பொண்ணுன்னு. பொறந்ததுலேர்ந்து பார்த்துட்டு இருக்கேன்," என்றாள்.

"அதாம்மா பிரச்சனை. தினம் பார்க்கறவங்க சாட்சி செல்லாது. பழகிட்டா குறை கண்ணுக்குத் தெரியாது. நான் இவங்களை இன்னைக்குத்தான் பார்க்கறேன். அதனால என் பார்வை சுத்தம்." அம்மாள் படத்தின் மூலையிலிருந்த சிவப்பு வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "படத்துல ஆணையத்தோட முத்திரை இருக்கு. உங்க பொண்ணு மேல முத்திரை இருக்கா?"

என் மகள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்லீங்க," என்றாள்.

"அப்ப எது அசல்?"

கையெழுத்தாகி வந்த கடிதத்தில், படம் சரியாக இருப்பதாகவும் மணமகளிடம் இருபத்தொரு பிழைகள் இருப்பதாகவும், அவற்றைச் சரிசெய்து மறுபடி ஆஜராகப் பதினைந்து நாள் தரப்படுவதாகவும் இருந்தது. அதற்கு மணமகள் திருத்தக் காலம் என்று பெயர்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுத் திருத்தப் பிரிவுக்கு ஓடினேன். பெண்ணை மாற்ற முடியாது, படத்தையாவது பழையபடி ஆக்கிக் கொடுங்கள் என்று கேட்டேன். காலில் விழாத குறை. பிரிவுத் தலைவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"திருத்தினதைத் திருத்தினா என்ன அர்த்தம்? முதல்ல திருத்தினது தப்புன்னு ஆயிடும். இந்தப் பிரிவுல தப்பே நடந்ததில்லை. அந்த போர்டைப் பாருங்க."

பார்த்தேன். 'பிழையில்லா நாட்கள்: 7,412' என்று இருந்தது. நான் பார்க்கும்போதே ஒருவர் ஸ்டூலில் ஏறி 7,413 ஆக்கினார்.

"ஒரு தழும்பை மட்டும் வச்சுக் கொடுங்க சார். அவ்வளவுதான் கேட்கறேன்."

"தழும்பு வைக்கற ஆள் எங்ககிட்ட இல்லையே. எடுக்கறவங்கதான் இருக்காங்க," என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

சின்ன வயதுப் படங்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனோம். முத்திரை இல்லாத படம் படமாகாது என்றார்கள். அவள் வேலை பார்க்கும் கடை முதலாளி கடிதம் கொடுத்தார்; அதில் அவள் எழுத்தைத்தான் புகழ்ந்திருந்தார், முகத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பிறகு வேறு வழியில்லாமல் பார்லருக்குப் போனோம். பார்லர்க்காரம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது மனுஷியா?" என்று கேட்டாள்.

தாடையில் எதையோ பூசி மெழுகித் தழும்பை மறைத்தாள். புருவத்தை வளைத்தாள். நிறத்துக்கு மூன்று வேளையும் ஒரு களிம்பு. இடது காதை மேலே தூக்கிப் பின்னால் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். பிளாஸ்திரி ஒட்டிய காதோடு என் மகள் வேலைக்குப் போய் வந்தாள். முதல் இரண்டு நாள், "அப்பா, இந்தக் காதுல நல்லாக் கேக்குதுப்பா, பக்கத்துத் தெருச் சண்டைகூடக் கேக்குது," என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். மூன்றாம் நாளிலிருந்து வாய் திறந்து சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பல் சந்து தெரியுமாம். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் ஆஜராகும் தேதி நெருங்கிக்கொண்டிருந்ததால், ஒரு வாரம்தானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பதினைந்தாம் நாள் போனோம். ஒப்புநோக்கும் அம்மாள் பாராட்டினார். இருபத்தொன்றில் ஆறு போயிருந்தது. ஆனால் அலைச்சலில் கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கருத்து, புதிதாக நான்கு வந்திருந்தன. மொத்தம் பத்தொன்பது.

"நல்ல முன்னேற்றம். இதே வேகத்துல போனா அடுத்த வருஷம் முடிஞ்சுடும்," என்றார்.

"கப்பல் அடுத்த வாரம்மா."

"கப்பலுக்குத் தனி ஆணையம்," என்றார் அம்மாள்.

இனி மேல்முறையீடுதான் வழி. தலைமை ஒப்புநர் பதினேழாம் தேதி, அதாவது கல்யாணத்துக்கு முதல் நாள், விசாரிப்பதாகத் தேதி கொடுத்தார்கள். மாப்பிள்ளையும் வர வேண்டும். இதைச் சொல்ல நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை ஆரம்பத்தில் கொதித்தவர்தான். "நான் வந்து பேசறேன் மாமா, இதென்ன கூத்து!" என்று போனில் கத்தியவர்தான். சமீபமாக அவர் போன் வருவது குறைந்திருந்தது. கப்பல் ஏறுகிற வேலை தலைக்கு மேல் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அவர்கள் கூடத்தில் படத்துக்கு மேலே தனியாக ஒரு சின்ன பல்பு போட்டிருந்தார்கள். நான் போனபோது மாப்பிள்ளை சட்டைக் கையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சம்பந்தியம்மா டீ கொடுத்தார். "மருமக அமைஞ்சா இப்படி அமையணும்னு தெருவே சொல்லுதுங்க. தினம் நாலு பேர் வந்து பார்த்துட்டுப் போறாங்க," என்று பல்புப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க தப்பா நினைக்கக் கூடாது. கொஞ்ச நாளைக்கு உங்க பொண்ணை இந்தப் பக்கம் கூட்டிட்டு வராதீங்க. பார்க்கறவங்க குழம்பறாங்க."

மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். அவர் டீ ஆறுகிறது என்றார்.

பதினேழாம் தேதி காலை பத்து மணிக்குத் தலைமை ஒப்புநர் முன்னால் நின்றோம். பெரிய அறை. ஒரு பக்கம் நாங்கள் மூவர், மறுபக்கம் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும், நடுவில் மேசை மேல் அந்தப் படம். தலைமை ஒப்புநர் வயதானவர், கனிவானவர். கோப்புகளை மூடி வைத்துவிட்டுப் பேசினார்.

"நாங்க யார் மேலயும் எதையும் திணிக்கறதில்லை. ஒரு பொண்ணு எப்படி இருக்கலாம்னு காட்டறோம், அவ்வளவுதான். அவ அப்படி இல்லைன்னா அது எங்க குத்தமா? முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல ஆயிரக்கணக்கான பொண்ணுங்களைப் பார்த்துட்டேன். ஒருத்தியும் படம் அளவுக்கு வந்து சேரலை. ஆனா ஒரு படம்கூட எங்களைக் கைவிட்டதில்லை. என் கல்யாணத்துக்கும் இங்கதான் படம் எடுத்தோம். சத்தியமாச் சொல்றேன், இன்னை வரைக்கும் அந்தப் படத்தோட ஒரு சண்டை, ஒரு மனஸ்தாபம் கிடையாது. அவ்வளவு நிம்மதி."

"அம்மா எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டாள் என் மனைவி.

"அவங்க அம்மா வீட்டுல இருக்காங்க. ரொம்ப வருஷமா," என்றார் தலைமை ஒப்புநர். அதைத் தொந்தரவாக நினைத்த மாதிரி தெரியவில்லை.

பிறகு சட்டப் புத்தகத்தைத் திறந்தார். ஆணையம் கல் நெஞ்சம் கொண்டது அல்ல, பதினேழாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது என்றார். மணமகன் நேரில் நின்று, 'படத்தில் இருப்பவள் இவளே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எத்தனை பிழை இருந்தாலும் தள்ளுபடி. அங்கேயே முத்திரை. மறுநாள் கல்யாணம்.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் காதில் பிளாஸ்திரி இல்லாமல் போயிருக்குமே, பாவிகளா! என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். என் மகள் மாப்பிள்ளையைப் பார்த்து, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு, பல் சந்து தெரியச் சிரித்தாள்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். படத்தைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"உண்மையைத்தான் சொல்லணுமா சார்?"

"ஆமா."

"அப்படின்னா இது இவ இல்லை சார்," என்றார்.

மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னார். அவரை நான் இந்த இரண்டு வருடத்தில் ஒரு பொய் சொல்லிப் பார்த்ததில்லை. ஒரு பொய் சொல்லியிருக்கலாமே தம்பி, ஒன்றே ஒன்று. என் மனைவி வாய்க்கு வந்தபடி திட்டினாள், சம்பந்தியம்மா காதைப் பொத்திக்கொண்டார். என் மகள் மட்டும் சத்தம் போடவில்லை.

"ரெண்டு வருஷமா கடை வாசல்ல யாரைப் பார்த்துட்டு நின்னே?" என்று கேட்டாள்.

"உன்னைத்தான். சத்தியமா உன்னைத்தான். ஆனா இதைப் பார்த்ததுக்கப்புறம்..." என்று இழுத்தார்.

தலைமை ஒப்புநர் மணியடித்து எழுத்தரைக் கூப்பிட்டார். கப்பலும் நிற்காது, கல்யாணமும் நிற்க வேண்டாம் என்று உத்தரவு சொன்னார். ஆணையம் ஒப்புக்கொண்டது படத்தைத்தான், மணமகன் ஒப்புக்கொண்டதும் படத்தைத்தான், எனவே குறித்த நேரத்தில் பதிவு நடக்கும். பெண் தரப்பில் கையெழுத்து வேண்டும். படத்தின் பெற்றோர் என்ற வகையில் நாங்கள் போடலாம்.

"நான் போட மாட்டேன்," என்றாள் என் மனைவி.

போடாவிட்டால், படத்தில் இருக்கும் பெண்ணின் பெயரை வேறொருத்தி சொல்லிக்கொண்டு நடமாடுவதாக ஆள்மாறாட்ட வழக்கு வரும் என்றார்கள். என் மகளைப் பிடித்து உட்கார வைப்பார்கள் என்றார்கள். ஒரு பெற்றோர் போட்டால் போதும் என்றும் சொன்னார்கள். நான் போட்டேன். பயந்துதான் போட்டேன், அதை மறைப்பானேன். என் மனைவி அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பதினெட்டாம் தேதி கல்யாணம் நடந்தது. சம்பந்தியம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், வந்தவர்கள் ஜோடிப் பொருத்தம் பிரமாதம் என்றார்களாம். இருபதாம் தேதி மாப்பிள்ளை கப்பல் ஏறினார். மனைவி என்ற இடத்தில், படத்தின் கண்ணாடி உடையாமல் எடுத்துப் போக ஒரு மரப்பெட்டிக்கு அனுமதி கொடுத்தார்கள். வீடும் கொடுத்துவிட்டார்களாம், இரண்டு அறை, கடல் பார்த்த ஜன்னல்.

எங்கள் வீட்டுப் பிரதியை நான் கழற்றி, கொண்டுபோய் ஆணையத்தின் வாசலில் போட்டுவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்து, இனிமேலாவது வேறு யாரையாவது பார்க்கலாமா என்று கேட்டு மகள் பெயரில் மனு எழுதினோம். அதற்கு வந்த பதில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 'தங்கள் படம் திருமணமானது. எனவே தாங்கள் மணமாகாதவர் அல்லர். தாங்கள் படத்துடன் ஒத்துப்போகாததால் எவருக்கும் மனைவியும் அல்லர். இந்நிலை மாறும்போது ஆணையத்துக்குத் தெரிவிக்கவும்.' கீழே வாழ்த்துகளுடன் என்று போட்டு ஒரு கையெழுத்து. எந்த மேசைக்காரர் என்று தெரியவில்லை.

என் மகள் வேலைக்குப் போய் வருகிறாள். எட்டு இப்போதும் எட்டாகத்தான் இருக்கிறது. பிளாஸ்திரியை எடுத்துவிட்டாள், களிம்பை நிறுத்திவிட்டாள். என் மனைவி, "விடுங்க, வயசுப் பொண்ணு, தன்னால தேறிடுவா," என்று எனக்குச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் நேரே முகத்தில் விழுந்தது.

"அப்பா, என்னைப் பாரு. உண்மையைச் சொல்லு. நான் எப்படி இருக்கேன்?"

சட்டென்று பதில் சொல்லியிருக்க வேண்டும். பெற்ற பெண்ணுக்குச் சொல்ல யோசனை எதற்கு? ஆனால் பேப்பரைத் தாழ்த்தியதும் என் கண் அதன்பாட்டுக்குத் தாடைக்குப் போயிற்று. அங்கிருந்து இடது காது. பிறகு மூக்கு, பல், புருவம் என்று நான் கூப்பிடாமலே ஒரு சுற்று போய்விட்டு வந்தது. ஒப்புநோக்கும் அம்மாள்கூட இவ்வளவு வேகமாகப் பார்த்திருக்க மாட்டார்.

"உனக்கென்னம்மா, ரொம்ப நல்லா இருக்கே," என்றேன்.

அவள் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வந்துச்சுப்பா?" என்று கேட்டாள்.